அது வேறு அட்டாச்மென்ட்

இந்த சீட்டுக்கு யாராவது வருகிறார்களா அண்ணா? நன்றி. பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன், உங்களுக்கு இடிக்காது. நான் ஈரோடு. நீங்கள்? ஊஞ்சலூரா. அப்படியென்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? தப்பாக நினைக்கக்கூடாது. ஈரோட்டில் ஒருவரைப் பார்த்து நான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதை முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கட்டுமா? உங்களுக்குப் புரிந்தால் அவருக்கும் புரியும். நடுவில் ஒரு வார்த்தை மட்டும் என் வாயில் வரக்கூடாது. வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். எந்த வார்த்தை என்று தெரிந்தால்தானே தடுப்பீர்கள், அதுவும் சரிதான். சொல்லிவிடுகிறேன். அட்டாச்மென்ட்.

பார்த்தீர்களா. உங்கள் முகமே மாறிவிட்டது.

அது இல்லை அண்ணா. நீங்கள் நினைக்கிற அட்டாச்மென்ட் இல்லை. கோர்ட், பேங்க், ஜப்தி, தண்டோரா எதுவும் இல்லை. இது கம்ப்யூட்டரில் வருகிற அட்டாச்மென்ட். நான்கு வருடம் காலேஜில் படித்தபோது அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது. இமெயில் அனுப்பினால் கூடவே ஒரு போட்டோவோ பில்லோ சேர்த்து அனுப்புவோம் இல்லையா, அதற்குப் பெயர் அட்டாச்மென்ட். அவ்வளவுதான். ஜப்திக்கும் அதுதான் பெயர் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் வீட்டில் ஜப்தி செய்கிற அளவுக்கு எதுவும் இருந்ததில்லை, அதனால்கூட இருக்கலாம்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் லோகேஸ்வரன். கரூரில் வேலாயி டெக்ஸ் என்று ஒரு கம்பெனி. பெட்ஷீட், சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது. முதலாளி நாச்சிமுத்து ஐயா. வேலாயி அவருடைய அம்மா பெயர். அங்கே கம்பெனி நிர்வாகத்துக்கென்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. நூல் வாங்குவது, சாயத்துக்கு அனுப்புவது, தறிக்குக் கொடுப்பது, பில், சம்பளம் எல்லாம் அதற்குள்தான். அதைப் பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது. ஒவ்வொரு பில்லுக்குப் பக்கத்திலும் ஒரு கிளிப் படம் இருக்கும். அதைத் தொட்டால் அந்த பில்லோடு சேர்த்து வைத்த காகிதமெல்லாம் திறக்கும். டிசைன் போட்டோ, நூலின் டெஸ்ட் ரிப்போர்ட், துணி வாங்குகிற பையர் கையெழுத்துப் போட்ட சாம்பிள் படம். அந்தக் காகிதங்களைத்தான்... ஆமாம், அதைத்தான் நான் சொல்லக்கூடாது.

வருடக்கணக்காக எல்லாவற்றையும் அந்த சாஃப்ட்வேரின் வயிற்றுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள். அது பெருத்துப்போய்விட்டது. ஒரு பில்லைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். அக்கவுண்ட்ஸ் பார்க்கிற வளர்மதி அக்கா, "லோகு, உன்ற சாஃப்ட்வேரு மாசமா இருக்குதாட்டத் தெரியுது, எப்ப பெக்கும்னு கேட்டுச் சொல்லு" என்று தினமும் கேட்பார். நான் சாஃப்ட்வேர்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். பில் மட்டும் உள்ளே இருக்கட்டும், காகிதத்தையெல்லாம் கிளவுட்டில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்றார்கள். எந்த இடம் என்பதை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அப்போது ஆனி கடைசி. அவர் காலண்டரைப் பார்த்தார். "ஆடியில புதுசா எதுவும் வேண்டாம் தம்பி. ஆவணி பொறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை மாத்திக்கலாம். அதுக்குள்ள எந்த இடம்னு பாத்து வெய்யி" என்றார்.

"எந்த இடம்னு நீங்க சொன்னீங்கன்னா..." என்று இழுத்தேன்.

"நீதான படிச்சவன். நீயே பாத்துக்க."

அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் தெரியுமா அண்ணா? எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா லாரி ஆபீஸில் மூட்டை ஏற்றுகிறார். அம்மா ஒரு கம்பெனியில் துண்டு மடிக்கிறார். ரேஷன் கடையிலிருந்து மெசேஜ் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். மாத்திரை அட்டையை நீட்டுவார்கள். தங்கச்சி எந்த குரூப் எடுக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் போர் போடலாமா, எல்லாவற்றுக்கும் நீதான் படிச்சவன். என்னைக் கேட்டு முடிவெடுக்கிறவர்கள் நிறையப் பேர். நான் கேட்டு முடிவெடுக்கத்தான் ஆளில்லை.

அதனால் ஆடி மாதம் முழுக்க அதையே பார்த்தேன். சும்மா பார்க்கவில்லை. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இல்லையா, யாரும் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்திவிட்டுப் போவார்களே, அதையும் வரி வரியாகப் படித்தேன்.

சாஃப்ட்வேர்காரர்களே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அதில் போட்டால் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் நாளைக்கு அவர்களை விட்டு விலகினால் எங்கள் காகிதங்களை 'நியாயமான காலத்துக்குள்' திருப்பித் தருவோம் என்று எழுதியிருந்தது. நியாயமான காலம் என்றால் எவ்வளவு என்று போன் செய்து கேட்டேன். அந்தப் பெண், "அது நியாயமாத்தான் சார் இருக்கும்" என்றாள். அப்புறம் எப்படி அதில் போடுவது?

முதலாளிக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்தது. ஒரு பெட்டியை வாங்கி நம் ஆபீஸிலேயே வைத்துவிட்டால் என்ன என்றார். "என்ற கண்ணு முன்னால இருக்கட்டும் தம்பி. எங்கியோ ஆகாசத்துல வெச்சா ராத்திரி தூக்கம் வராது." எங்கள் ஆபீஸுக்கு அடுத்த அறை கட்டிங் செக்ஷன். பஞ்சு பறக்கும். கம்ப்யூட்டரைக் கழற்றினால் உள்ளே தலையணை செய்கிற அளவுக்குப் பஞ்சு இருக்கும். எனக்குத் தெரிந்து இரண்டு கம்ப்யூட்டர் மூச்சு முட்டியே செத்துப்போனது. அங்கே எப்படி வைப்பது?

மிச்சம் இருந்தது ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி. வாடகை குறைவு. இடம் நம் நாட்டிலேயே கேட்டு வாங்கலாம். ஒரு காகிதத்தை ஒரு ஊரில் வைத்தால் அதன் நகலை இன்னொரு ஊரிலும் வைப்பார்கள். பூட்டும் உண்டு, பூட்டின் சாவி நம்மிடமே இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் நாம்தான் சரியாக அமைக்க வேண்டும். 'பொது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தெரியாமல் டிக் விழுந்தால் எங்கள் டிசைன் எல்லாவற்றையும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பானிபட்டில் எங்களுக்குப் போட்டியாக நெய்கிறவன் பார்த்து மறுவாரமே நெய்துவிடுவான். அந்தக் கட்டத்தில் டிக் இல்லை என்று ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். இப்போது பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுகூட போனில் ஒருதரம் பார்த்தேன். இல்லை. டிக் இல்லை.

யாரிடமாவது கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று வளர்மதி அக்காவிடம் மூன்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எதுல போட்டா எனக்கு பில்லு சீக்கிரம் தொறக்குமோ அதுல போடு சாமி" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த யோசனை.

நான் அந்த வெளிநாட்டுக் கம்பெனியையே தேர்ந்தெடுத்தேன். அது சரியான முடிவு அண்ணா. இதை மட்டும் நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். மாற்றி முடித்தபிறகு ஒரு காகிதம்கூடத் தொலையவில்லை. பில் தொட்டவுடன் திறக்கிறது. இவ்வளவு நடந்தபிறகும் அதை ஒருவர்கூட கவனித்துச் சொல்லவில்லை.

மாற்றுவதற்கு வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை வேண்டும். அந்த நேரத்தில் யாரும் புதிதாகக் காகிதம் ஏற்றக்கூடாது. எங்களுக்கு நூல் தருகிறவர்கள், சாயப்பட்டறை, அட்டைப்பெட்டிக்காரர், லாரி ஆபீஸ், எல்லோரும் அவரவர் பில்லையும் ரிப்போர்ட்டையும் ஒரு லிங்க் வழியாக நேரே அதில் ஏற்றுவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் இல்லையா? யாருக்கும் சிரமம் வரக்கூடாது என்றுதான் நான் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன். எனக்கு அப்படியே மனப்பாடம். சொல்லட்டுமா?

'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை மாலை முதல் எங்கள் கம்பெனியில் உள்ள அட்டாச்மென்ட் அனைத்தும் வெளி நிறுவனம் ஒன்றின் பொறுப்புக்கு மாற்றப்படுகிறது. மறு அறிவிப்பு வரும் வரை எங்களுக்குப் புதிதாக எதையும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். சிரமத்துக்கு வருந்துகிறோம். இப்படிக்கு, வேலாயி டெக்ஸ்.'

ஏன் அண்ணா சிரிக்கிறீர்கள்? இலக்கணப் பிழை இல்லை, சந்திப் பிழை இல்லை. இரண்டு தடவை திருத்தி எழுதினேன். முதலாளியிடம் காட்டினேன். அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்கிரீனைப் பார்க்காமலே, "படிச்சவன் எழுதுனா செரியாத்தான இருக்கும், அனுப்பு" என்று கையைக் காட்டினார். அனுப்பினேன். முதலாளிக்கு ஜப்தி தெரியும். படித்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். எனக்குப் படிக்கத் தெரியும், ஜப்தி தெரியாது. இப்படி ஆகிவிட்டது.

முதல் பதில் அட்டைப்பெட்டிக்காரரிடமிருந்து வந்தது. கைகூப்பின படம் ஒன்று, கீழே 'மனம் தளர வேண்டாம்' என்று. நான் நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு நன்றி போட்டேன். இன்னொருவர், 'நம்ப முடியவில்லை. எப்போது முதல் நடக்கிறது இது?' என்று கேட்டிருந்தார். நான், 'ஆடி முதலே யோசித்து வந்தோம் ஐயா, இனியும் தாங்காது என்பதால் முடிவெடுத்தோம்' என்று பதில் போட்டேன். சாஃப்ட்வேர் தாங்காது என்று நான் சொன்னேன் அண்ணா. உண்மையைத்தான் சொன்னேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால் அப்பா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. லாரி ஆபீஸ் கிளார்க் என் செய்தியை எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார்.

"ஏப்பா, உங்க கம்பெனிய அட்டாச் பண்ணீட்டாங்களாமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, அது வேற அட்டாச்மென்ட். கம்ப்யூட்டர்ல வர்றது."

"வேறயா இருந்தா எதுக்குக் கடுதாசி போட்டாங்க?"

"அத நான்தான் போட்டேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "பாத்தியா, நம்ம பையனை உட்டே எழுத வெச்சிருக்கறாங்க" என்றார்.

அப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் டிகிரி சர்டிபிகேட் எங்கே இருக்கிறது என்று. வேலைக்குச் சேரும்போது ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாளி அறையில் இருக்கிற பீரோவில் இருக்கிறது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். சீல் வைக்கிறவன் பீரோவோடு சேர்த்து வைத்துவிடுவான், உள்ளே யாருடைய காகிதம் இருக்கிறது என்று பார்க்கமாட்டான் என்றார். அப்பா, "சம்பளத்த உடு. மொதல்ல சர்டிபிகேட்ட வாங்கிட்டு வந்துரு" என்றார். ஒரிஜினல்தான் பீரோவில் இருக்கிறது, அதன் நகல் கிளவுட்டில் பத்திரமாக இருக்கிறது என்று நான் விளக்கினேன். நகலும் அவர்களிடமா என்று அம்மா இன்னும் கொஞ்சம் அழுதார்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை மாலை மாற்றும் வேலையை ஆரம்பித்தேன். சனிக்கிழமை ஆபீஸ் போனபோது ஊருக்கே தெரிந்திருந்தது. ஆனால் யாரும் நேரில் கேட்கமாட்டார்கள். அதுதான் இதில் பெரிய கஷ்டம். கேட்டால் பதில் சொல்லலாம். டீக்கடையில் எனக்கு முன்னால் டீ கொடுத்துவிட்டு, "நீங்க குடிங்க தம்பி, அப்பறம் பாத்துக்கலாம்" என்கிறார்கள். தறிக்காரர்கள், தங்கள் தறியில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் பாவு நூலை நெய்து முடித்துவிட்டு அடுத்தது ஏற்றாமல் சும்மா நின்றார்கள். சாயப்பட்டறையிலிருந்து ஒரு ஆள் வந்து சும்மா கேட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். என்ன பார்த்தாய் என்று வாட்ச்மேன் கேட்டதற்கு, "நோட்டீஸ் ஒட்டியிருக்குதான்னு" என்றானாம்.

இதை எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நான் நினைத்தேன். தெளிவாகச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. இப்போதும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால் இரண்டாவது செய்தி ஒன்று எழுதி அனுப்பினேன்.

'அட்டாச்மென்ட் குறித்து யாரும் கவலைப்பட வேண்டாம். எல்லாம் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. சாவி எங்களிடமே உள்ளது. முன்பு நீங்கள் கொடுத்தவற்றைப் பார்வையிட மட்டும் உங்களுக்கு அனுமதி உண்டு. எடுக்க இயலாது.'

ஞாயிறு ஒரு நாள் முழுக்க கேட்டில் ஆட்கள் நின்றார்கள் அண்ணா. கொடுத்ததைப் பார்வையிட.

முதலாளிக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரிந்தது. அவரிடமும் யாரும் கேட்கவில்லை. அவருடைய சம்பந்தி வீட்டிலிருந்து வந்து வெறுமனே உட்கார்ந்துவிட்டு, போகும்போது அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்களாம். என்னைக் கூப்பிட்டு இரண்டு செய்தியையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்கப்பாரு காலத்துல ஒருக்கா அட்டாச் பண்ணுனாங்க தம்பி. நெசமாலுமே. அண்டா குண்டா வரைக்கும் எழுதீட்டுப் போனாங்க. அத இந்த ஊரு மறக்கறதுக்கு எனக்கு முப்பது வருசம் ஆச்சு" என்றார்.

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட, மறுநாள் காலையிலேயே ஆள் விட்டு காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார். மாலைக்குள், ஏலத்துக்கு முன்னால் சுவரை அலங்காரம் செய்கிறார்கள் என்று ஆகிவிட்டது. "நல்ல வெல போகட்டும்னு அடிக்கறாங்க" என்று எதிர்க் கடைக்காரர் சொன்னாராம். பாதிச் சுவரோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். பாதிச் சுவர் வெள்ளையாக இருந்தால் அதற்கும் ஏதோ சொல்வார்கள். இந்நேரம் சொல்லியிருப்பார்கள்.

இப்போது ஈரோட்டுக்கு வருகிறேன். நான் போகிற காரியம்.

எங்களுக்கு நூல் தருகிறவர் சென்னியப்பன் ஐயா, ஈரோட்டில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்காக ஒரு பையருக்குச் சமையலறைத் துண்டு போக வேண்டும். இந்த வாரம் நூல் வந்தால்தான் சாயம் போட்டு, தறியேற்றி, தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்க முடியும். நூல் வரவில்லை. முதலாளி போன் செய்தார். சென்னியப்பன் ஐயா மரியாதையான மனிதர். முடியாது என்று சொல்லவில்லை. "நீங்கதானுங்க நாச்சிமுத்து, புதுசா எதையும் அனுப்ப வேண்டாம்னு போட்டிருக்கறீங்க. உங்க வார்த்தைய மீறி நான் எப்பிடி அனுப்பறது?" என்றாராம். நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள் ஐயா என்று நான் சொன்னேன்.

"நான் போனா கெஞ்சப் போனான்னு ஆயிரும். அப்பறம் அது நெசமே ஆயிரும். நீ போ. நீதான எழுதுன, நீயே போய்ப் புரிய வெய்யி. அந்த வார்த்தை மட்டும் உன்ற வாயில வரக்கூடாது. நூல் வண்டி கெளம்புச்சுன்னா ஆபீஸுக்கு வா. கெளம்பலீன்னா அப்படியே உங்க ஊட்டுக்குப் போயிரு கண்ணு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கண்ணு என்றுதான் சொன்னார்.

சர்டிபிகேட்டைக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் நானும் நம்புகிறேன் என்று ஆகிவிடும் இல்லையா?

அதனால்தான் உங்களிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றேன். நீங்கள்தான் சென்னியப்பன் ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் உள்ளே வருகிறேன், வணக்கம் சொல்கிறேன். 'ஐயா, நாங்கள் எங்கள் ஃபைல்களை...' வேண்டாம். ஃபைல் என்றால் கேஸ் ஃபைல் பண்ணிவிட்டார்கள் என்பார். கோப்பு என்றால் அதுவும் கோர்ட்டில் இருப்பதுதான். அகராதியில் தேடினேன், அட்டாச்மென்ட்டுக்கு நல்ல தமிழில் 'இணைப்பு' என்று போட்டிருக்கிறது. 'எங்கள் இணைப்பு எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம்' என்று வளர்மதி அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஐயோ, கரண்டையும் புடுங்கீட்டாங்களா?" என்றார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் சென்னியப்பன் ஐயா விளையாட்டுக்குக் கேட்கமாட்டாரே. 'காகிதம்' என்று சொல்லலாம். 'எங்கள் காகிதம் எல்லாம் வெளியாள் பொறுப்பில் இருக்கிறது' என்றால்? அண்ணா, பத்திரத்தை அடமானம் வைத்துவிட்டார்கள் என்பார். 'கிளவுட்' என்று ஆரம்பித்தால் எல்லாம் ஆகாயத்தில் போய்விட்டது என்பார்.

எந்தப் பக்கம் போனாலும் அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. கம்ப்யூட்டர்காரர்களுக்கு வார்த்தை வைத்தவர்கள் கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்து வைத்தார்களோ என்னவோ.

அதனால் நேராகவே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். உள்ளதை உள்ளபடி. சத்தமாக, தெளிவாக, தயங்காமல். தயங்கினால்தான் சந்தேகம் வரும். இப்படி: 'ஐயா, வேலாயி டெக்ஸில் அட்டாச்மென்ட் நடந்தது உண்மைதான். ஆனால் அது நாங்களே விரும்பிச் செய்தது. எல்லாம் இப்போது வெளிநாட்டுக் கம்பெனியின் கையில் பத்திரமாக இருக்கிறது.' எப்படி இருக்கிறது? இப்படிச் சொன்னால் புரிந்துவிடும் இல்லையா?

என்ன அண்ணா, ஏன் சாடை காட்டுகிறீர்கள்? மெதுவாகவா? யார், முன் சீட்டிலா? அவர் தூங்குகிறார் என்றல்லவா நினைத்தேன். கொடுமுடி தாண்டியதிலிருந்தே தலையைச் சாய்த்துக்கொண்டுதானே இருந்தார்.

போன் பேசுகிறார். இருங்கள். 'ஆமாங்க, வேலாயி டெக்ஸேதான்' என்கிறாரே. 'கம்பெனிப் பையனே பஸ்ல சொல்லீட்டு வாரான்' என்கிறார் அண்ணா. 'நாங்க விரும்பித்தான் குடுத்தோங்கறான்.' அண்ணா, அவர் யாருடன் பேசுகிறார்? 'வெளிநாட்டுக்காரன் கையில போயிருச்சாமா. பாவம், நல்ல பையனாட்டத்தான் தெரியறான்.'

ஐயா. ஐயா, ஒரு நிமிடம். மன்னிக்க வேண்டும், தோளைத் தொட்டுவிட்டேன். நீங்கள் தப்பாகக் கேட்டுவிட்டீர்கள். நான் சொன்னது அந்த அட்டாச்மென்ட் இல்லை ஐயா. அது வேறு அட்டாச்மென்ட்.

இல்லை ஐயா. இன்னொன்று இல்லை. வேறு என்றால் இரண்டாவது என்று அர்த்தமில்லை. ஒன்றுதான் ஐயா. ஒன்றுகூட இல்லை. போனில் இரண்டு என்று சொல்லாதீர்கள், ஐயா, தயவுசெய்து, யாரிடம் பேசுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஈரோட்டிலா? நூல் மார்க்கெட்டிலா?

வைத்துவிட்டார்.

கண்டக்டர் விசில் அடிக்கிறார். ஊஞ்சலூரா? வந்துவிட்டதா? நீங்கள் இறங்க வேண்டுமே. பரவாயில்லை அண்ணா, காலை எடுத்துக்கொள்கிறேன், போங்கள். உங்களுக்காவது புரிந்ததே, அதுவே போதும். நான் போய் இப்படியே சொல்லிவிடுகிறேன். ஒருவருக்குப் புரிந்தால் இன்னொருவருக்கும் புரியும். பை, உங்கள் பை. இந்தாருங்கள்.

என்ன அண்ணா? சத்தத்தில் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள்?

சர்டிபிகேட்டையா?

சரிங்கண்ணா. முதலில் அதை வாங்கிக்கொள்கிறேன்.